கொழும்பில் மைனஸ் 30 பாகை: ஏசியை நிறுத்திவிடும் ஒரு சின்னச் சென்சர்

காரில் ஏசி குளிரவில்லை என்று கராஜில் சொன்னால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் "காஸ் இறங்கியிருக்கும்" என்பதுதான். காஸ் அடித்தும் குளிராவிட்டால் அடுத்த பதில் "கொம்பிரசர் போயிட்டுது" என்பதாக இருக்கும். இரண்டும் உண்மையாகவே நடக்கக்கூடியவை. ஆனால் காஸும் சரியாக, கொம்பிரசரும் சரியாக இருந்தும் ஏசி நின்றுபோவதற்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. முன் பம்பருக்குப் பின்னால் விரல் நுனி அளவில் பொருத்தப்பட்டிருக்கும் வெளி வெப்பநிலைச் சென்சர்தான் அது.

இந்த ஆண்டு மார்ச் மாத வெயிலில் எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. அத்தான் ஹயருக்கு ஓடும் ஜப்பானிய ஹைபிரிட் காரில் திடீரென்று வெறும் காற்று மட்டும் வந்தது. வெள்ளவத்தைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் ஒன்றையும் பொருத்திப் பார்க்காமலே காஸ் அடிக்கவேண்டும் என்றார்கள். நாங்கள் வாகனத்தைக் கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பொனற்றைத் திறக்கவில்லை. திறப்பைப் போட்டு, மீற்றர் பலகையில் வெளி வெப்பநிலை காட்டும் மூலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இஞ்ச பாருங்கோ. கொழும்பில மைனஸ் முப்பதாம்."

ஏசி நின்றதற்கான காரணம் அந்த எண்ணிலேயே இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தால் தேவையில்லாத செலவு ஒன்றைத் தவிர்க்கலாம். சிலருக்கு இது செலவைவிடப் பெரிய விடயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்சர் என்ன செய்கிறது?

இந்தச் சென்சருக்குள் இருப்பது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு துண்டு. சூடு கூடக்கூட அதன் தடை குறையும், குளிரக் குளிரத் தடை கூடும். காரின் கணினி அதற்குச் சிறிய மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்து, திரும்பி வரும் அளவைக் கொண்டு வெளியே எத்தனை பாகை என்று கணக்கிடுகிறது. பல டொயோட்டா வாகனங்களில் 25 பாகை செல்சியஸில் இதன் தடை ஏறத்தாழ 1.7 கிலோ ஓம். 40 பாகையில் அது 1 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கிவிடும். வேறு நிறுவனங்களின் வாகனங்களில் இந்த அளவுகள் வேறாக இருக்கும். ஆனால் சூட்டில் குறைவு, குளிரில் கூடுதல் என்ற விதி மாறாது.

இனி வயர் அறுந்துவிட்டது அல்லது கனெக்டர் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் ஓட வழியில்லை, அதாவது தடை எல்லையில்லாமல் கூடிவிட்டது. வயர் அறுந்ததா, பனி பெய்கிறதா என்பதை வாகனத்தின் கணினியால் கண்ணால் பார்க்க முடியாது. "தடை மிகக் கூடுதல், ஆகவே கடுங்குளிர்" என்று கணக்குப் போடும். மைனஸ் 30, மைனஸ் 40 என்ற எண்கள் வருவது இப்படித்தான். சில வாகனங்கள் எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடுகளை மட்டும் காட்டும்.

குளிர்நாடுகளில் உறைநிலைக்கு அருகே ஏசிக் கொம்பிரசரை ஓடவிடக்கூடாது. அந்தக் குளிரில் காஸின் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும், எண்ணெயும் சரியாகச் சுற்றாது, கொம்பிரசர் பழுதாகும். அதனால் தானியங்கி ஏசியுள்ள பல வாகனங்களில் வெளி வெப்பநிலை ஓர் எல்லைக்குக் கீழே போனால் கொம்பிரசரை நிறுத்தும்படி கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. ஒசாக்காவின் மாரிகாலத்துக்கு எழுதிய அந்தப் பாதுகாப்பு, சென்சர் பொய் சொன்னால் காலி வீதியின் பங்குனி வெயிலிலும் வேலை செய்யும். கொம்பிரசர் பழுதாகவில்லை. அது கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறது.

மறுபக்கப் பழுதும் உண்டு. இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று முட்டினால் தடை இல்லாமல் போகும். கணினி வெளியே நெருப்புக் கொதி என்று நம்பி, காற்றாடியை முழு வேகத்தில் விட்டு உள்ளே விறைக்க விறைக்கக் குளிராக்கும். பெற்றோல் வீணாவதைத் தவிர இதில் பெரிய தொல்லை இல்லை.

கையால் திருகும் சாதாரண ஏசியுள்ள சில வாகனங்களில் இந்தச் சென்சர் மீற்றரில் எண்ணைக் காட்டுவதற்கு மட்டுமே இருக்கும். அப்படியானால் எண் பிழைத்தாலும் ஏசி வழமைபோல ஓடும்.

எது பழுது, எது பழுதில்லை?

காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது மீற்றர் 38, 40 என்று காட்டினால் அது பழுதல்ல. சென்சர் இருப்பது தாருக்குச் சற்று மேலே. கொதிக்கும் வீதியின் அனல், முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகை, சொந்த ரேடியேற்றரின் சூடு எல்லாம் அதில் படும். வாகனம் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் எண் இறங்கிவந்தால் சென்சர் நலமாக இருக்கிறது. நிற்கும்போதும் மிக மெதுவாக ஓடும்போதும் இந்த எண் சரியாக இருக்காது என்று தயாரிப்பாளர்களே கைநூலில் எழுதியிருக்கிறார்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையை அளப்பது இப்படியல்ல. வெள்ளைப் பூச்சுப் பூசிய, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், புல்தரைக்கு மேல், நேர் வெயில் படாமல் வைத்த வெப்பமானியில் அளக்கிறார்கள். சித்திரையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் நாட்களில் கார் மீற்றரைப் படம் பிடித்து "எங்கட ஊரில 44 பாகை" என்று முகநூலில் போடுகிறார்கள். அது வீதியின் சூடு, ஊரின் வெப்பநிலை அல்ல. நிழலில் அளக்கும்போது 40 பாகையை எட்டுவதே இலங்கையில் மிக அரிது.

ஆனால் காலையில், வாகனம் இரவு முழுக்க நிழலில் நின்றபின், மீற்றர் மைனஸ் எண்ணையோ வெறும் கோடுகளையோ 50 பாகையையோ காட்டினால் அது பழுது. மேடு பள்ளத்தில் எண் துள்ளித்துள்ளி மாறினாலும் பழுதுதான். அது பெரும்பாலும் வயரிலோ கனெக்டரிலோ இருக்கும்.

கொழும்பில் இது ஏன் கெடுகிறது?

முதற்காரணம் முன் பம்பர். ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ இடித்து, பம்பரைக் கழற்றிப் பெயின்ற் அடித்துத் திரும்பப் பூட்டும்போது கனெக்டரை முழுதாக அழுத்தாமல் விட்டுவிடுவார்கள். அல்லது மறந்தே போவார்கள். வெளிப்பார்வைக்கு வாகனம் புதிதாக இருக்கும், உள்ளே வயர் தொங்கும்.

இரண்டாவது கடற்காற்று. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கமாக இரவில் வாகனம் நிறுத்துபவர்களுக்கு இது தெரியும். உப்பு ஈரம் கனெக்டருக்குள் புகுந்து செப்புமுனைகளில் பச்சை பூக்கவைக்கும். மூன்றாவது வெள்ளம். 2016 மே மாதத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் புகுந்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனம், கழுவித் துடைத்து ஓடத் தொடங்கிய பிறகும் உள்ளே துரு வளரும். நான்காவது எலி. நெருக்கமான ஒழுங்கைகளில் இரவில் நிற்கும் வாகனங்களின் வயரை எலி கொறிப்பது கராஜ்களுக்குப் புதினமல்ல.

இவற்றோடு வாகனங்களின் வயதையும் சேர்க்கவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருந்த வாகனங்களே ஓடின, கைமாறின, கிழடாகின. இன்று நம்மவர்கள் ஹயருக்கு ஓடும் ஜப்பானிய கார்களில் பல பத்து வயதைத் தாண்டியவை.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் மீற்றர் எண்ணைப் பாருங்கள். இதற்குக் காசு தேவையில்லை. எண் பிழையாக இருந்தால் காஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் சென்சரைப் பற்றிப் பேசவேண்டும்.

அடுத்தது ஸ்கானர். வெளி வெப்பநிலைச் சென்சருக்கான பொதுக் குறியீடுகள் பி0070 முதல் பி0074 வரை. இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பி0072 'குறைவு' என்றும் பி0073 'கூடுதல்' என்றும் சொல்லும். அது வெப்பநிலையை அல்ல, மின்னழுத்தத்தைச் சொல்கிறது. வயர் அறுந்து மைனஸ் காட்டும் வாகனத்தில் வருவது 'கூடுதல்' என்ற பி0073. டொயோட்டா வாகனங்களின் ஏசிக் கணினியில் இதே பழுதுக்கு பி1412 என்ற குறியீடு இருக்கிறது.

தானியங்கி ஏசியுள்ள பல டொயோட்டாக்களில் ஸ்கானர் இல்லாமலும் பார்க்கலாம். ஏசிப் பலகையில் 'ஓட்டோ' பொத்தானையும் உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானையும் சேர்த்து அமர்த்திக்கொண்டே வாகனத்தின் சுவிச்சைப் போட்டால், விளக்குகள் சில தரம் மின்னிய பிறகு எண்கள் வரும். 12 வந்தால் வெளி வெப்பநிலைச் சென்சர், 11 வந்தால் உள் வெப்பநிலைச் சென்சர். 21 என்பது வெயில் சென்சர். இருட்டான கராஜுக்குள் பார்த்தால் பழுது இல்லாவிட்டாலும் 21 வரும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காமல் அதை நம்பி ஒன்றும் மாற்றக்கூடாது.

பிறகு சென்சரையே சோதிக்கலாம். பெரும்பாலான வாகனங்களில் இது முன் கிறிலுக்குப் பின்னால், ஏசிக் கொண்டென்சருக்கு முன்னால் இருக்கும். சில ஐரோப்பிய வாகனங்களில் பக்கக் கண்ணாடிக்குள் இருக்கும். கனெக்டரைக் கழற்றி மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்துச் சென்சரின் இரு முனைகளிலும் பிடியுங்கள். உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினால் தடை மெதுவாக இறங்கவேண்டும். ஐஸ் தண்ணீரில் நுனியைப் பிடித்தால் ஏறவேண்டும். அப்படி நடந்தால் சென்சர் நலம், வயரைத்தான் தேடவேண்டும். அசையாமல் நின்றாலோ மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ சென்சர் செத்துவிட்டது.

ஹைபிரிட் வாகனத்தில் ஒரு எச்சரிக்கை. செம்மஞ்சள் உறை போட்ட தடித்த வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்குரியவை. பயிற்சி இல்லாதவர் அவற்றில் கைவைக்கக்கூடாது. சென்சரின் மெல்லிய வயர்கள் அவற்றோடு சேராதவை.

எங்கள் வாகனத்தில் சென்சர் நலமாகவே இருந்தது. முன்பொருமுறை பெயின்றுக்காகப் பம்பர் கழன்றிருந்தது, அப்போது கனெக்டர் அரைகுறையாகச் செருகப்பட்டு, உள்ளே பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தியதும் வேலை முடிந்தது. பழுதைச் சரிசெய்த பிறகும் சில வாகனங்கள் பழைய எண்ணைச் சற்று நேரம் பிடித்துவைத்திருக்கும். சுவிச்சை நிறுத்திப் போட்டு, சற்றுத் தூரம் ஓடியபின் பார்க்கவேண்டும்.

தேவையில்லாத காஸ் வெறும் செலவல்ல

ஏசிக் காஸ் பெற்றோலைப்போல எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிவருகிறது. தெளிவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். "எங்கே லீக்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் காஸ் மட்டும் அடிப்பது ஓட்டை வாளிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. சரியான அளவு இருக்கும் இடத்தில் மேலும் அடித்தால் அழுத்தம் கூடி ஏசி இன்னும் மோசமாகும்.

ஹைபிரிட் வாகனங்களில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றின் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது. அதற்கு மின்கடத்தாத தனிவகை எண்ணெய் வேண்டும். சாதாரண காருக்குரிய எண்ணெய் காஸோடு கலந்து உள்ளே போனால் மின்காப்பு கெட்டு, நல்ல கொம்பிரசரே பழுதாகலாம். சில்லறைக் காசில் முடியவேண்டிய கனெக்டர் வேலை, ஹயர் ஓடுபவரின் பல மாத வருமானத்தை விழுங்கும் வேலையாக மாறும் இடம் இதுதான்.

பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது

சென்சர் உண்மையாகவே செத்திருந்தால் புதிதும் பழையதும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். உருவம் ஒன்றாக இருந்தாலும் தடை அளவு வேறாக இருக்கலாம். ஆகவே பழைய சென்சரையும் வாகனத்தின் சேசி இலக்கத்தையும் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய சாமான் வாங்கினால் கடையிலேயே மல்ரிமீற்றரில் வைத்து, கையால் பொத்திப் பாருங்கள். கனெக்டர் உக்கியிருந்தால் வயர்த் துண்டோடு சேர்ந்த கனெக்டரை வாங்கி, ஈயம் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போடவேண்டும். வெறும் முறுக்கும் ரேப்பும் கடற்காற்றில் அடுத்த மழைவரை தாங்கினால் பெரிது.

சென்சருக்குப் பதிலாக ஒரு நிலையான தடைத்துண்டை வயரில் போட்டுவிடும் வித்தையும் இருக்கிறது. கணினிக்கு எப்போதும் 25 பாகை என்று தோன்றும். கொழும்பின் வெப்பநிலை ஆண்டு முழுக்க அதிகம் மாறாததால் ஏசி ஓடவும் செய்யும். அவசரத்துக்குச் செய்யலாம், நிரந்தரமாக விடக்கூடாது. பழைய வாகனம் வாங்குகிறவர் இதைக் கவனிக்கவேண்டும். காலை, மதியம், இரவு என்று எப்போதும் ஒரே எண்ணைக் காட்டும் மீற்றரை நம்பாதீர்கள்.

காதால் கேட்காத பழுது

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையைக் கண்டவர்களுக்கு இந்த வகை வித்தை புதிதல்ல. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் ஏ40 கார்களும் எங்கள் ஊர்களை உயிரோடு வைத்திருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பழுதைச் சத்தத்தாலும் மணத்தாலும் கைச்சூட்டாலும் கண்டுபிடித்தார்கள்.

சென்சரின் பழுதுக்குச் சத்தமில்லை, மணமில்லை. அது ஒரு பொய்யான எண் மட்டுமே. அளக்காமல் அதைப் பிடிக்க முடியாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 இல் தொடங்கி, வாகனத் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் மல்ரிமீற்றரோடு வருவார்கள். அனுபவமுள்ள கையும் அளக்கும் கருவியும் ஒரே கராஜில் சேர்ந்தால் எங்கள் ஆட்களின் காசு மிஞ்சும்.

யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை?

வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்புக்கு வரும் வாகனங்களில் பல வைத்தியசாலைக்கு வருபவை. தேசிய வைத்தியசாலைக்கோ மகரகமைக்கோ ஏழெட்டு மணி நேரம் பயணம். அந்த வாகனங்களில் ஏசி வசதிக்கான பொருள் மட்டுமல்ல.

போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்ப்பதில்லை. தோலின் இரத்தக்குழாய்களை விரித்துச் சூட்டை வெளியேற்றும் கட்டளையும் மூளையிலிருந்து கீழே போய்ச் சேர்வதில்லை. கழுத்திலோ மேல்மார்புப் பகுதியிலோ காயம் என்றால் இது இன்னும் கடுமை. அவர்களின் உடல் சூழலின் வெப்பத்தோடு சேர்ந்து ஏறும். ஆழமான எரிகாயத் தழும்புகளிலும் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவயவம் இழந்தவர்களுக்குச் சூட்டை வெளிவிடும் தோலின் பரப்பே குறைவு, செயற்கைக் காலின் உறைக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகும். வயோதிபர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதே கவலை.

ஆகவே இப்படியானவரை ஏற்றிப் போவதற்கு முதல்நாளே ஏசியையும் மீற்றர் எண்ணையும் பாருங்கள். வழியில் ஏசி நின்றால் கண்ணாடிகளை இறக்கி, நிழலில் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, கழுத்திலும் முகத்திலும் கைகளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். வியர்க்காத உடலுக்கு அந்த ஈரம்தான் வியர்வை. குழப்பமான பேச்சு, வாந்தி, தோல் கொதித்தல் என்றால் பயணத்தைத் தொடராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. நிறுத்திய வாகனத்துக்குள் அவர்களை "ஐந்து நிமிடம்" என்றும் விட்டுப்போக வேண்டாம்.

காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்

கொழும்பில் பல கராஜ்களில் வேலை நடப்பது சிங்களத்தில், ஸ்கானர் சொல்வது ஆங்கிலத்தில். வடக்கிலிருந்து வரும் ஒருவர் விளங்காமலே தலையாட்டிக் காசு கொடுத்துவிட்டுப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த மூன்று வசனங்களையும் பாடமாக்கிக்கொள்ளலாம்.

"ஸ்கான் கரலா பலன்ன." ஸ்கான் செய்து பாருங்கள். வரும் குறியீட்டைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

"லீக் எக்க கொஹெத?" லீக் எங்கே? காஸ் அடிக்கவேண்டும் என்று சொல்லும்போது கேட்கவேண்டியது.

"பரண கெல்ல தென்ன." பழைய பாகத்தைத் தாருங்கள். மாற்றியதாகச் சொன்னது உண்மையாகவே மாற்றப்பட்டதா என்று அதில் தெரியும்.

சண்டை பிடிக்கும் குரல் தேவையில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாலும், அளந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும் என்று அவர்களுக்கு விளங்கிவிடும்.